மாத்திரை ஒன்று, மருத்துவர் இருவர்

1955-ல் அமெரிக்காவில் மில்டவுன் என்றொரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. உள்ளே இருந்த மருந்து மெப்ரோபமேட்; அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் பெர்கர். மனப்பதற்றத்துக்கு நல்ல மருந்துன்னு பேச்சு பரவி, ஸ்டாக் தீர்ந்துபோச்சுன்னு மருந்துக்கடையில போர்டு மாட்டுற அளவுக்குப் போச்சு.

அதுக்கு முன்னாடி பதற்றத்துக்கு மருந்தே இல்லையா? இருந்தது. 1912-லேயே வந்த ஃபீனோபார்பிட்டால். விலை மலிவு. ஆனால் தூக்கம் தள்ளும், பழக்கமாகிவிடும், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. புதுசு உண்மையிலேயே பழசை விட மேலா என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மனநலப் பிரிவின் வெளிநோயாளிகளிடம் உலன்ஹுத் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. மெப்ரோபமேட், ஃபீனோபார்பிட்டால், மருந்தே இல்லாத போலி மாத்திரை என மூன்று. யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

மொத்தமாகப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் இரண்டு பேர். அவர்கள்வாரியாகப் பிரித்தபோதுதான் சுவாரசியமே. ஒருவருக்கு மருந்துகள் மேல் நம்பிக்கை, மற்றவருக்குச் சந்தேகம். நம்பியவரின் நோயாளிகளிடம் இரண்டு மருந்துகளும் போலி மாத்திரையை முந்தின. சந்தேகப்பட்டவரிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இங்க ஒன்றைக் கவனிக்கணும். டாக்டரோட ஆறுதல் பேச்சு மட்டும்தான் காரணம்னா, அவர்கிட்ட போலி மாத்திரை வாங்கினவங்களும் அதே அளவு தேறியிருக்கணுமே? அப்படி நடக்கவில்லை. மருந்தும் மருத்துவரும் சேர்ந்தே ஏதோ செய்திருக்கிறார்கள்.

ஆனால் இது சின்ன ஆய்வு. இரண்டே மருத்துவர்களை வைத்து, வேறுபாடு நம்பிக்கையால் வந்ததா, அவர்கள் பழகும் விதத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அதனால் மருத்துவர் எப்படிப் பேச வேண்டும் என்பதையே முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்து, மூன்று கிளினிக்குகளில் மறுபடி சோதித்தார்கள். 1966-ல் வெளியான அந்த முடிவு கிளினிக்குக்கு கிளினிக் மாறியது! மாத்திரை, மருத்துவர் போதாதென்று இடமும் கணக்கில் சேர்ந்துகொண்டது.

அதற்குள் சந்தை நகர்ந்துவிட்டது. 1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம். மெப்ரோபமேட்டும் பழக்கமாகும் என்பது தெரியவந்தது.

மருந்தே வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. "இது அதைவிட நல்லது" என்று யாராவது சொன்னால், யார் கொடுத்து, எங்கே பார்த்தது என்றும் கேட்கணும், அவ்வளவுதான்.