வட்டுக்கோட்டைச் செமினரி: எந்த அளவுகோலால் அளப்போம்?

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி 1823ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை முப்பத்திரண்டு ஆண்டுகளே நிலவியது. அதன் தோற்றத்தைப் போலவே அதன் முடிவும் திருப்பணியாளராகிய நாம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

அமெரிக்க மிஷனரிமார் இதனை ஒரு கல்லூரியாகவே அமைக்க விரும்பினர். குடியேற்ற அரசு அதற்கு இசையாமையால் செமினரி என்னும் பெயர் நிலைத்தது. மிஷன் பள்ளிகளினின்று தெரிந்தெடுக்கப்பட்ட சிறுவர் இங்கு விடுதியில் தங்கிப் பயின்றனர். அவர்களது ஊணுக்கும் உடைக்கும் அமெரிக்க விசுவாசிகள் பொருளுதவினர். கரோல், ஆர்னல்ட், நெவின்ஸ், எவாட்ஸ் என அந்நாட்டாரின் பெயர்களும் மாணவர்க்குச் சூட்டப்பட்டன. ஈந்தவரின் பெயரைப் பெற்றவர் சுமக்கும் இவ்வழக்கம், அன்பின் அடையாளமாயினும், பிறரைச் சார்ந்து நிற்கும் நிலையின் அடையாளமுமாயிற்று.

எனினும் அங்குப் புகட்டப்பட்ட கல்வி இரவற் கல்வியன்று. முதல் அதிபராகிய டானியேல் பூவர் ஆங்கிலத்துடனும் அறிவியலுடனும் தமிழ் இலக்கண இலக்கியத்துக்கும் இடமளித்தார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஹொய்சிங்டன் இந்நாட்டு வானநூலையும் ஆராய்ந்தெழுதினார். வேதாகமமும் கணிதமும் திருக்குறளும் ஒரே கூரையின்கீழ்ப் பயிலப்பெற்றன. 1841இல் தோன்றிய 'உதயதாரகை' இதழின் முதல் ஆசிரியர்களாய் அமர்ந்தோரும் இச்செமினரியின் பழைய மாணவரே.

1855இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலக் கல்வி இளைஞரை அரசுப் பணிக்கே ஈர்க்கின்றது. தாய்மொழியில் நற்செய்தி கூறும் ஊழியரும் தன்னைத் தானே தாங்கும் சபைகளுமே மிஷனின் நோக்கம் என்பது அவர்தம் கொள்கை. அதன் விளைவாகச் செமினரி மூடப்பட்டது.

ஆண்டர்சனின் கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கல்வி சபையினின்று மனிதரைப் பிரித்தெடுக்குமாயின் அது யாருக்காக? ஆயினும், பலனை அளக்க அவர் கொண்ட கோல் குறுகியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய கரோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் இங்குப் பயின்றவரே. பின்னவர் கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். அவர் சைவராக விளங்கினார். மற்றொரு மாணவராகிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையோ கிறிஸ்தவராய் நிலைத்து, 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' இயற்றினார். இவ்விருவரில் ஒருவரை மட்டும் பலனென்று எண்ணி, மற்றவரை இழப்பென்று எழுதுவது வரலாறாகாது.

இதனினும் முக்கியமானதொன்றுண்டு. செமினரியைத் திறந்ததும் மூடியதும் வெளிநாட்டவர் தீர்மானங்களே. ஆனால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, அதனை வேண்டி முன்னின்றோருள் செமினரியின் பழைய மாணவர் இருந்தனர். பெயரையும் உணவையும் பிறரிடம் பெற்றவர், கல்வியின் தேவையைத் தாமே உணர்ந்து கேட்கும் நிலைக்கு உயர்ந்தனர். ஆண்டர்சன் நாடிய தற்சார்பு, அவர் மூடிய பள்ளியிலேயே வேரூன்றியிருந்தது!

நம் விடுதிகளையும் கல்லூரிகளையும் கணக்கிடும்போது, குருத்துவத்துக்கு வந்தோரின் தொகையை மட்டும் எண்ணாதிருப்போமாக. அங்குக் கற்றோர் தமக்கென ஒரு குரலைப் பெற்றனரா என்பதையும் வினவுவோமாக.