குறைந்த பட்ஜெட்டில் கேமிங், வீடியோ எடிட்டிங் லேப்டாப்: வாங்கும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

கங்கைகொண்டானில் சிப்காட் தொழில் வளாகமும் எல்காட்டின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமும் வந்த பிறகு, திருநெல்வேலி, மேலப்பாளையம், கயத்தாறு வட்டாரக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. கூடவே இன்னொரு கேள்வியும் வருகிறது. "அத்தா, எடிட்டிங் கத்துக்கப் போறேன், கேமிங் லேப்டாப் வாங்கித் தாங்க" என்று பிள்ளை கேட்கிறான். தந்தை வளைகுடாவில் இருந்து அனுப்பும் சில மாதச் சேமிப்பு அதில் அடங்கியிருப்பதால், விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்து 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்தப் புதிய மடிக்கணினிகளில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ளன. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

உங்கள் பிள்ளைக்கு அது கிடைத்திருந்தால், எடிட்டிங் கற்க உடனே வேறு வாங்கத் தேவையில்லை. செல்போனில் எடுத்த ஃபுல் எச்டி வீடியோவை வெட்டி ஒட்டவும், ஒலியைச் சரி செய்யவும், எழுத்துச் சேர்க்கவும் அது போதும். 4கே வீடியோ என்றால் 'பிராக்ஸி' என்ற வழி இருக்கிறது. மென்பொருள் முதலில் சிறிய நகல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும். நாம் அந்த நகலில் வேலை செய்வோம். முடிவில் அசல் வீடியோவில் இருந்தே இறுதிப் பிரதி வெளிவரும். ஆறு மாதம் இப்படி உழைத்துக் காட்டுகிற பிள்ளைக்குப் பெரிய கருவி வாங்கித் தருவதில் தவறில்லை. புதிய முப்பரிமாண கேம்கள் மட்டும் இதில் சரியாக ஓடாது.

எந்தப் பாகத்துக்குப் பணம் போக வேண்டும்?

கேமிங்கும் எடிட்டிங்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேவை வேறு. கேம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டையே நம்பியிருக்கிறது. எடிட்டிங்குக்குப் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, திரை ஆகிய நான்கும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கருவி என்றால் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

பிராசசர்: இன்டெல் ஐ5 அல்லது ஏஎம்டி ரைசன் 5 போதும். மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எச்' என்று முடிந்தால் கனமான வேலைக்கானது. 'யு' என்று முடிந்தால் பேட்டரி சேமிப்புக்கானது. "ஐ7" என்று பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பழைய தலைமுறை ஐ7 ஐ விடப் புதிய தலைமுறை ஐ5 பல வேலைகளில் வேகமானது.

கிராபிக்ஸ் கார்டு: பட்ஜெட் வரிசையில் அதிகம் கிடைப்பவை என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050, 4050 ஆகியவை. 3050 இல் 4 ஜிபி, 6 ஜிபி என இரு வகை உண்டு. எடிட்டிங்குக்கு 6 ஜிபியே நல்லது. கடைக்காரர் தானாகச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஒரே பெயருள்ள கார்டு ஒவ்வொரு லேப்டாப்பிலும் ஒவ்வொரு அளவு மின்சாரம் பெறும். 3050 க்கு 35 முதல் 80 வாட் வரையும், 4050 க்கு 35 முதல் 115 வாட் வரையும் நிறுவனங்கள் அமைக்கின்றன. வாட் குறைந்தால் வேகமும் குறையும். ஆகவே "இதில் எத்தனை வாட்?" என்று கேட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரேம்: 16 ஜிபி வேண்டும். 8 ஜிபியுடன் வாங்கினால், காலி ஸ்லாட் இருக்கிறதா, ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா என்று கேளுங்கள். பற்றவைத்ததை மாற்ற முடியாது. இரண்டு ரேம்கள் ஜோடியாக இருந்தால் வேகம் கூடும். 2025 இறுதியில் இருந்து, செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் மெமரி சிப்களின் விலை உலகெங்கும் ஏறியது. "பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடும் முன் அன்றைய ரேம் விலையைப் பாருங்கள்.

எஸ்எஸ்டி: 512 ஜிபி குறைந்தபட்சம். செல்போனில் 4கே தரத்தில் ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 170 முதல் 350 எம்பி ஆகும். மூன்று மணி நேர நிக்காஹ் வீடியோ என்றால் 30 முதல் 63 ஜிபி வரை போய்விடும். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும். இரண்டாவது எஸ்எஸ்டி போட இடமுள்ள மாடலே சிறந்தது.

திரை: "144 ஹெர்ட்ஸ்" என்பது கேமுக்கான வேகம். எடிட்டிங்குக்கு வேண்டியது நிறத் துல்லியம். விவரக் குறிப்பில் "100 சதவீத எஸ்ஆர்ஜிபி" என்று இருந்தால் நல்லது. "45 சதவீத என்டிஎஸ்சி" என்று இருந்தால், மணமகளின் உடை நிறம் உங்கள் திரையில் ஒன்றாகவும் வாடிக்கையாளரின் திரையில் வேறாகவும் தெரியும்.

குளிர்விப்பு: நம் பகுதியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். சூடு ஏறினால் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுத் துளைகள் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் உள்ள மாடலைத் தேர்ந்தெடுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்ய விடாதீர்கள்.

பழைய லேப்டாப் வாங்கலாமா?

நிறுவனங்கள் பயன்படுத்தி விற்ற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வகைகள் உறுதியானவை. எடிட்டிங் கற்க ஏற்றவை. பெரும்பாலானவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது என்பதால் கேமுக்கு ஏற்றவை அல்ல. விண்டோஸ் 10 க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. இன்டெல் 8 ஆம் தலைமுறைக்கு முந்திய கருவிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பேட்டரி, கீல், சார்ஜர், திரைப் புள்ளிகள் ஆகியவற்றைக் கடையிலேயே சோதியுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்கியவருக்கும் சிக்கல்தான்.

வளைகுடாவில் இருந்து கொண்டு வருவோர்

18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியின்றிக் கொண்டு வரலாம். இரண்டாவது லேப்டாப்புக்கு இந்தச் சலுகை இல்லை. வாங்கும்போதே மூன்றைக் கேளுங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா? விசைப்பலகையில் அரபி எழுத்தும் சேர்ந்திருப்பது பரவாயில்லையா? சார்ஜர் வயரை இங்கே எளிதாக மாற்ற முடியுமா? வாரண்டி செல்லாவிட்டால், விலையில் மிச்சமானது ஒரே பழுதில் போய்விடும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பது என்ன?

"வட்டியே இல்லை" என்று நம்பிப் பலர் இதில் கையெழுத்திடுகிறார்கள். நடைமுறை இதுதான்: வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, வங்கி தன் வட்டியைத் தவணையில் வசூலிக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. பல வங்கிகளில் பிராசஸிங் கட்டணமும் சேரும். பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. தவணை தவறினால் அபராதமும் வட்டியும் ஏறும். பெயர் எதுவாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் வட்டி இருக்கிறது. சேமித்து வாங்குவது, உறவினரிடம் அழகிய கடன் பெறுவது, ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் இருந்தால் கேட்பது என வேறு வழிகள் உண்டு. அதுவும் இல்லையென்றால் சிறிய கருவியோடு தொடங்குவது கௌரவக் குறைவல்ல.

மென்பொருளும் நேரமும்

எடிட்டிங் மென்பொருளைத் திருட்டுப் பிரதியாக ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் 4கே வரை வீடியோ வெளியிடலாம். கனமான அந்த மென்பொருள் ஓடாத கருவிகளில் கேடென்லைவ், ஷாட்கட் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. திருட்டுப் பிரதிகளோடு வைரஸ் வந்து, வாடிக்கையாளர் நம்பித் தந்த குடும்ப வீடியோக்கள் வெளியே போனால் அமானிதத்துக்கு என்ன பதில் சொல்வது?

கேமைப் பொறுத்தவரை, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடை செய்தது. அவை நமக்கு முன்பே விலக்கப்பட்ட சூதாட்டம்தான். மற்ற விளையாட்டுகளுக்கும் ஒரு நேர வரம்பு வேண்டும். லேப்டாப் படுக்கையறைக்குப் போகாமல் கூடத்தில் இருக்கட்டும். விண்டோஸில் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி உள்ளது. அதில் தினசரி நேரத்தை அமைக்கலாம். இஷாவுக்குப் பின் தூக்கமும், ஃபஜ்ருக்கு எழுவதும் கெடாத அளவே சரியான அளவு.

கடைக்குப் போகும் முன் பிள்ளையை உட்கார வைத்து, "இதைக் கொண்டு முதல் மூன்று மாதத்தில் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதில் எடிட்டிங் வேலை இருந்தால் ரேமுக்கும் திரைக்கும் பணம் போகட்டும். கேம் மட்டுமே இருந்தால், உங்கள் சேமிப்பை இன்னும் சில மாதம் வங்கியிலேயே வைத்திருங்கள். அவசரப்படாமல் வாங்கினால் அந்தக் கருவி நான்கைந்து ஆண்டுகள் உழைக்கும், இன்ஷா அல்லாஹ்.