புதர் என்பது உறவா, உருவமா?

வெண்டையைச் செடி என்கிறோம். அடியிலிருந்தே பல கிளைகளாகப் பெருகும் செம்பருத்தியைப் புதர்ச்செடி என்கிறோம். பூவரசோ மரம். வெண்டை, செம்பருத்தி, பூவரசு என்பவை தனிப் பெயர்கள். செடி, புதர், மரம் என்பவை பொதுச் சொற்கள். இவ்விரு வகைப் பெயர்களுக்கும் உள்ள தொடர்பு என்ன? இதற்குத் தெளிவான விடை காண ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஆயின.

அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில், தாவரங்களை மரம், புதர், குறும்புதர், செடி என நான்காகப் பிரித்தார். ஒரே அடித்தண்டுடன் உயர்வது மரம். வேரிலிருந்தே பல கிளைகளாக எழுவது புதர். ஆனால் இவ்வரம்பு உறுதியானதன்று என்பதை அவரே கண்டார். நம் துத்திக்கு உறவான மாலோ என்னும் செடி, உயரமாக வளர்ந்தால் மரம்போல் ஆகிவிடுவதைக் குறிப்பிட்டார்.

ஆயினும் பின்வந்தோர் பலர் இப்பாகுபாட்டையே இயற்கை வகுத்த முதற்பிரிவாகக் கொண்டனர். இங்கிலாந்தின் ஜான் ரே, 1682-இல் வித்திலைகளின் எண்ணிக்கையைக் கருத்திற்கொண்டபோதும், மரங்களைத் தனியே வைத்தார். ஜெர்மனியின் ரிவினஸ் 1690-இல் இதை மறுத்தார். பூவின் அமைப்பே அடிப்படையாக வேண்டும் என்றார். இருவருக்கும் இடையே வாதம் மூண்டது.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் வெண்டை, செம்பருத்தி, பூவரசு மூன்றையும் 'ஹைபிஸ்கஸ்' என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். காரணம் பூவில் இருக்கிறது. மூன்று பூக்களையும் பறித்துப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் ஒன்றாக இணைந்து, சூல்தண்டைச் சுற்றிக் குழாய்போல் அமைந்திருக்கும். பிற்காலத்தில் வெண்டையும் பூவரசும் வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. எனினும் மூன்றும் மால்வேசி என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. தியோபிராஸ்டஸை ஐயுறச் செய்த மாலோவும் அக்குடும்பமே!

அப்படியானால் 'புதர்' என்பது தவறான சொல்லா? அன்று. பாதரசமும் திரவம், தண்ணீரும் திரவம். அதனால் அவை ஒரே பொருளாகிவிடுவதில்லை. திரவம் என்பது நிலையைக் கூறும் சொல். அதுபோல் புதர் என்பது வளரும் உருவத்தைக் கூறும் சொல். பக்கக் கிளைகளைக் கழித்து ஒற்றைத் தண்டாக வளர்த்தால் செம்பருத்தி சிறு மரமாகிவிடும். ஆனால் அது செம்பருத்திதான். பனிக்கட்டியாக உறைந்தாலும் நீர் நீரே அல்லவா?

வேலி அமைப்பவருக்கும், ஆடு மேய்ப்பவருக்கும், சரிவில் மண்ணரிப்பைத் தடுக்க விரும்புபவருக்கும் உருவம் முக்கியம். மருந்துக்கு வேர் தேடுபவருக்கோ இனம் முக்கியம். "இது எது?" என்ற கேள்விக்குத் தனிப் பெயர் விடை, "இது எப்படி வளர்கிறது?" என்பதற்குப் பொதுச் சொல் விடை. ஒன்றின் விடையை மற்றதற்குச் சொல்லாதவரை இரண்டும் சரியே.