பாலாறும் ராணிப்பேட்டை குரோமியக் கழிவும்

கூரம் என்றதும் பலருக்குக் கூரத்தாழ்வான் நினைவு வரும். சரித்திரம் படித்தவர்களுக்குக் கூரம் செப்பேடு நினைவு வரும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் கொடுத்தது அது. கூரத்தில் பரமேசுவர தடாகம் என்ற ஏரி இருந்ததையும், பாலாற்றிலிருந்து அதற்குப் பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டியதையும் அது சொல்கிறது. 1,300 வருடங்களாக நம் பக்கத்து வயல்கள் பாலாற்றை நம்பியவை. அதனால் அந்த ஆற்றின் மேற்கே நடந்த கதையை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுவது பழைய தொழில். முன்பெல்லாம் ஆவாரம் பட்டையில் ஊறவைப்பார்கள். வாரக்கணக்கில் ஆகும். 1970களில், பாதி பதனிட்ட தோலாக அனுப்பாமல் முழுச் சரக்காக ஏற்றுமதி செய்ய அரசு ஊக்கம் கொடுத்தது. குரோமிய உப்பில் பதனிடும் முறை வேகமாகப் பரவியது. ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் கழிவுநீரில் உப்பும் குரோமியமும் சேர்ந்து வரும்.

அந்த உப்பைத் தயாரிக்க ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களின் நடுவில் 'தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்' தொழிற்சாலை வந்தது. சுமார் இருபது வருடம் ஓடி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. வளாகத்தில் மிஞ்சியது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு. திறந்த வெளியில் கொட்டிய குவியல். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் சுலபமாகக் கரையும். மழை பெய்தால் மஞ்சள் நீராக இறங்கி நிலத்தடி நீரில் கலக்கும். தோலில் பட்டால் புண். தூளாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இதற்கு முன்பே, 1991இல், வேலூர் மக்கள் நல மன்றம் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும், கெடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டம்தான் என்றது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்றும் நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு இது.

தீர்ப்பு வந்தும் ஆபத்து தீரவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1984 போபால் துயரத்துக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1989இல் அபாயகரக் கழிவு விதிகள், 2016இல் புதிய விதிகள் என்று வந்தன. கழிவைத் தனியாக வைத்து அடையாளம் ஒட்ட வேண்டும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. லாரியில் ஏற்றினால் எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்ற சீட்டு கூடவே போக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இதற்கென்றே பாதுகாப்பான நிலநிரப்பு இருக்கிறது. அடியில் களிமண்ணும் கனமான பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு, கசியும் நீரைப் பிடித்துச் சுத்தம் செய்கிறார்கள்.

நம் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (919, 921) இருக்கிறது. ஏரி வாரியம் போன்ற பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் நிற்க முடியாது. அவன் உறவினரும் நிற்க முடியாது. ஏரித் தண்ணீருக்கு இருந்த அந்தக் கண்டிப்பு இன்று கழிவுக்கு வேண்டும். உண்டாக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் கணக்குக் கேட்க ஆள் வேண்டும். ராணிப்பேட்டையில் அந்தக் கணக்கை யாரும் சமயத்தில் கேட்கவில்லை. உடையவர்கள் போய்விட்டார்கள், குவியல் நின்றது, அகற்றும் செலவு யாருடையது என்ற பேச்சே வருடக்கணக்கில் இழுத்தது.

நம் வீட்டிலும் சிறு அளவில் இந்தக் கழிவு உண்டு. பழைய பேட்டரி, டியூப் லைட், பூச்சிமருந்து டப்பா. இவற்றைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் விதிதான். ஏரிக்கரையில் எறியாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.