பூவும் ஊழியமும்: கண்டிப் பிரதேசத்தில் மலர் வழங்கல் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

1

கம்பளையிலோ நாவலப்பிட்டியிலோ ஒரு திருமண வீட்டுக்குப் பூச்செண்டு தேவைப்படின், முதல்நாளே கடைக்குத் தொலைபேசியிற் சொல்லிவைத்தாற் போதும். மறுநாட் காலையில் நீர் தெளித்த ரோஜாக்கள் வாசலுக்கு வந்து சேரும். இவ்வழக்கத்தை நகர நாகரிகத்தின் அண்மைக்கால வரவு என்று கருதுவோர் பலர். ஆயின், குறித்த வேளையிற் குறித்த இடத்துக்கு வாடாத பூ வந்து சேரவேண்டும் என்ற கட்டளை கண்டிப் பிரதேசத்துக்குப் புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் அத்தகைய கட்டளை இருந்தது; அதனை நிறைவேற்றுவோரும் இருந்தனர். அவர்கள் யார், எவருடைய நிலத்திற் பயிரிட்டனர், எந்த நிர்ப்பந்தத்தின்பேரிற் சுமந்தனர் என்பனவே காலந்தோறும் மாறி வந்துள்ளன. இம்மாற்றத்தை இனங்காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலக்கிய ஆய்வில் மலர் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த பொருள். திணைகளுக்கு மலர்ப்பெயர் இருப்பதையும், குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறுவதையும் நாம் வியந்து பாராட்டியிருக்கிறோம். பூக்களை எண்ணிய அளவுக்கு அவற்றைப் பறித்து விற்ற கைகளை நாம் எண்ணவில்லை. அக்கைகள் இலக்கியத்தில் இல்லாமலில்லை. புறநானூற்றின் 293ஆம் பாடலில், போர்ப்பறை ஒலிக்கும் ஊரிலே இரங்கத்தக்கவளாகப் பூவிலைப் பெண்டு ஒருத்தி தோன்றுகிறாள். அழகுப் பொருளாகிய பூ அவளுக்குப் பிழைப்பு. ஊரின் அமைதி குலையும்போது முதலிற் குலைவதும் அப்பிழைப்பே. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் கோயில்களின் திருநந்தவனங்களைப் பேணுவதற்கு விடப்பட்ட நிலங்களைக் குறிக்கின்றன. பூவுக்குப் பின்னால் நிலமும், நிலத்துக்குப் பின்னால் ஊழியமும் இருந்தமை இவற்றாற் பெறப்படும். தமிழகத்தில் நாம் காணும் இவ்வுறவு கண்டி இராச்சியத்தில் எவ்வாறு அமைந்தது என்பதற்கு, அந்நியர் ஒருவரின் சாட்சியம் நமக்குக் கிடைத்துள்ளது.

2

1660ஆம் ஆண்டிற் சிறைப்பிடிக்கப்பட்டு 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தம் அனுபவங்களை நூலாக்கி 1681இல் இலண்டனில் வெளியிட்டார். அவர் பெரும்பாலும் கிராமங்களிலேயே வாழ்ந்தவர். தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் சீவித்தவர். ஆதலின் அரசனின் ஆட்சியை அவர் அரண்மனைக்குள்ளிருந்து பார்த்ததிலும் பாதையோரத்திலிருந்து பார்த்ததே அதிகம். இக்காரணத்தாலேயே அவர் தரும் செய்தி நமக்குப் பயன்படுகிறது.

இரண்டாம் இராஜசிங்கனுக்குக் காலைதோறும் பிச்சமல் என்னும் வெண்ணிற மணமலர்கள் கொண்டுசெல்லப்பட்டன என்று நொக்ஸ் எழுதுகிறார். சிங்களத்திற் 'பிச்ச' எனவும் தமிழிற் 'பிச்சி' எனவும் வழங்கும் மல்லிகையினமே இது. சொல்லின் நெருக்கம் தமிழ் மாணவர்க்கு விளக்காமலே விளங்கும். பூக்கள் வெள்ளைத் துணியிற் பொதியப்பட்டு ஒரு தடியிலே தொங்கவிடப்பட்டுச் சுமந்து செல்லப்படும். எதிர்ப்படுவோர் யாவரும் அரசனுக்குரிய பொருள் என்ற மரியாதையின் பேரில் வழிவிட்டு ஒதுங்கவேண்டும். பூச்சுமப்பதற்கெனவே தனியான ஊழியக்காரர் இருந்தனர். அவர்கள் அந்த ஊழியத்துக்காக அரசனிடமிருந்து நிலம் பெற்றிருந்தனர்.

இவற்றினும் முக்கியமானது நொக்ஸ் அடுத்துக் கூறும் செய்தியாகும். பூச்செடிகளை நடும் கடமையும் இவ்வூழியக்காரருடையதே. ஆற்றோரங்களில் அச்செடி நன்கு செழிக்கும். எவருடைய நிலத்திலும் செடியை நட்டு, அந்நிலத்தைப் பூவுக்காக மட்டும் வேலியிட்டு அடைத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. சில ஆண்டுகள் சென்று மண்ணின் வளம் குன்றி இனிச் செடி தழைக்காது என்ற நிலை வந்த பின்னரே உரியவர் தம் நிலத்தை மீளப் பெறுவர்.

அரசனின் காலைநேரத்து நறுமணத்துக்கு உண்மையில் விலை கொடுத்தவர் யார் என்பது இங்கு தெளிவாகிறது. பூக்காரனுக்கு மானிய நிலம் கிடைத்தது. ஆற்றோரத்து உழவனோ நல்ல மண்ணைக் கொடுத்து, களைத்துப்போன மண்ணைத் திரும்பப் பெற்றான். வழியில் ஒதுங்கி நின்றவர்களுள் அவனும் ஒருவனாக இருந்திருப்பான். மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் நிலவாரத்தின் வரலாற்று வடிவங்களை உழைப்புவாரம், பொருள்வாரம், பணவாரம் என வகுப்பார். கண்டி அரசனின் பிச்சிப்பூ முதலிரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது: அது பொருளாகவும் செலுத்தப்பட்டது, சுமக்கும் உழைப்பாகவும் செலுத்தப்பட்டது. நெல்லைப் போல அதனைக் களஞ்சியத்திற் சேர்த்துவைக்க இயலாது. எனவே ஊழியமும் நாள்தோறும் நிகழ்ந்தாக வேண்டும். பூவின் புதுமை என்று நாம் போற்றுவது, இன்னொருவர் விடியுமுன் எழுந்த உழைப்பன்றி வேறில்லை.

அதே நூலில் நொக்ஸ் மற்றொரு பூவையும் குறிப்பிடுகிறார். மாலை நான்கு மணியளவில் விரிந்து காலையிற் குவியும் அந்திமந்தாரையைச் சிலர் காட்டிலிருந்து கொணர்ந்து வீட்டில் நட்டு, வானம் மூடிய நாட்களில் அதனைக் கொண்டு பொழுதறிந்தனராம். ஒரே மண்ணில் இருவகைப் பூக்கள்: ஒன்று அரசனுக்காக அடைக்கப்பட்டது, மற்றொன்று உழவன் தன் பயனுக்குத் தானே வைத்துக்கொண்டது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு மேலே செல்வோம்.

3

அரசனுக்குரிய மரியாதை யாவும் புனித தந்தத்துக்கும் உரியவாயின. தலதா மாளிகையின் அன்றாடப் பூசனைக்குப் பூ இன்றியமையாதது. ஏரியின் மறுகரையில் உள்ள மல்வத்தை விகாரையின் பெயரே பூந்தோட்டம் எனப் பொருள்படும்; புஷ்பாராமம் என்பது அதன் வடமொழி வழிப் பெயர். மாளிகைக்கும் விகாரைகளுக்கும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கும் உரிய கிராமங்களில், நிலத்தை அனுபவிப்போர் அந்நிலத்துக்கென வகுக்கப்பட்ட சேவையைச் செய்யக் கடமைப்பட்டிருந்தனர். மேளம் முழக்குதல், மட்பாண்டம் கொடுத்தல், விளக்கெண்ணெய் கொடுத்தல், பூக் கொடுத்தல் யாவும் இவ்வகையைச் சாரும். சேவைக்குரிய நிலக்கூறு 'பங்கு' என வழங்கியது. சேவை செய்யவேண்டிய தவணை 'முற' எனப்பட்டது. பங்கையும் முறையையும் தமிழர் அறியாதவரல்லர். கண்டிய நிலமானிய அமைப்பின் சொற்களே தமிழ்ச் சமூகத்தோடு அதற்கிருந்த உறவைக் காட்டுகின்றன.

1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கை பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக வாக்களித்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைப்பையொட்டி 1832இல் அரசுக்குரிய இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. ஆயின், கோயில் நிலங்களின் சேவை தொடர்ந்தது. பெருந்தோட்ட முதலாளித்துவத்துக்குத் தேவைப்பட்டது தடையற்ற நிலமும் கூலியுழைப்பும். கோயிற் கிராமத்து எண்ணெயும் பூவும் அதற்கு உடனடி இடையூறாகவில்லை. பழைய உற்பத்தி உறவு ஒன்றைப் புதிய ஆட்சி தன் மடியிலேயே வைத்துக் காத்தமைக்கு இது நல்ல உதாரணமாகும்.

1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சேவைநிலக் கட்டளைச் சட்டம் இவ்வுறவைப் பணத்தின் எல்லைக்குட் கொணர்ந்தது. ஒவ்வொரு பங்குக்கும் உரிய சேவைகள் பதிவேட்டில் எழுதப்பட்டன. அவற்றுக்கு ஆண்டுப் பணமதிப்பு வகுக்கப்பட்டது. பரம்பரை அனுபோகஸ்தர் விரும்பின், சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்தலாம். விடியலிற் கொய்து சுமந்து செல்லும் நடையும், அதனோடு இணைந்த மரியாதையும், சாதித் தகைமையும் இழிவும் ஒரு தொகையாகச் சுருங்கின. இதனை முழுக்க விடுதலை என்பதும், முழுக்க இழப்பு என்பதும் ஒருபக்கப் பார்வைகளே. சேவை செய்தவன் சாதியால் இழிவுசெய்யப்பட்டான். ஆயினும் அவன் காலடியில் ஒரு பங்கு நிலம் இருந்தது. பணம் அவனது முதுகைச் சுமையிலிருந்து விடுவித்தது. அதே பணம், பூவை யாரும் எவரிடத்தும் வாங்கத்தக்க பண்டமாக்கிற்று. இன்று மாளிகையைச் சூழ்ந்து தாமரையும் அல்லியும் விற்கும் கடைகள் இம்மாற்றத்தின் வழிவந்தவை.

4

பண்டமாகிய பூவுக்குப் புதியதொரு வடிவத்தைத் தந்தது பெருந்தோட்ட யுகம். பௌத்த பூசனையில் மலர்கள் காம்பின்றித் தட்டில் வைக்கப்படுகின்றன. தமிழர் மரபிற் பூ நாரிலே தொடுக்கப்படுகிறது. ஐரோப்பியர் கொணர்ந்த பூச்செண்டுக்கோ நீண்ட காம்பு வேண்டும். காம்போடு கொய்த மலருக்குரிய ரோஜா முதலான செடிகள் குளிர்ந்த மலைகளிற் செழித்தன. 1821இற் பேராதனையிலும், 1861இல் ஹக்கலையிலும் அமைந்த தாவரவியற் பூங்காக்கள் அந்நியச் செடிகளை இம்மண்ணுக்குப் பழக்கின. கோப்பிக்கும் கொய்னாவுக்கும் தேயிலைக்குமாக நிகழ்ந்த அப்பணியின் அருகிலேயே துரைமாரின் பங்களாப் பூந்தோட்டங்களும் தோன்றின.

இங்கே 'தோட்டம்' என்ற சொல்லின் வரலாறு கருதத்தக்கது. பூவும் காயும் கனியும் விளையும் இடத்தைச் சுட்டிய அச்சொல், மலையகத் தமிழில் ஆயிரக்கணக்கானோர் பெரட்டுக்கு நின்று கொழுந்தெடுக்கும் பெருநிலத்தைக் குறிப்பதாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட தம் ஆங்கில நெடுங்கவிதையின் தலைப்பிலும் தேயிலை 'தோட்டமாகவே' நிற்கிறது. தோட்டத்துக்குள் ஒரு தோட்டமாகப் பங்களாவின் பூமுற்றம் அமைந்தது. அங்கு நீரூற்றிக் களை பிடுங்கியவரும் தொழிலாளரே. அங்கிருந்து மேசைக்குச் சென்ற மலர்ச்செண்டில் அவர் பெயர் இல்லை. நொக்ஸ் கண்ட பூக்காரனிடமிருந்து இவரைப் பிரிப்பது ஒன்றே: அவனுக்கு ஊழியத்துக்கு ஈடாக நிலம் இருந்தது; இவருக்கு நாட்கூலி மட்டுமே.

சொற்களின் போக்கு வேறொன்றையும் உணர்த்துகிறது. இலங்கையில் 'மலர்ச்சாலை' என்ற பெயர்ப்பலகையைக் காணும் தமிழகத்தவர் அதனைப் பூக்கடை என்றே எண்ணுவர். ஆயின் அது பிரேதப் பெட்டியும் இறுதிச் சடங்குக்குரிய பிறவும் வழங்கும் இடம். வாழ்வில் ஒரு பூச்செண்டும் பெறாதவருக்கும் சாவில் மலர்வளையம் வருகிறது. பூ வாங்கும் பழக்கம் நம் சிறு நகரங்களின் எல்லா வகுப்பினரிடத்தும் புகுந்த வாயில்களுள் மரணமும் ஒன்று என்பதை இச்சொல் நினைவூட்டுகிறது.

5

இன்றைய பூச்செண்டு பல கைகளின் கூட்டுப்படைப்பு. ரோஜாவும் ஜெர்பராவும் காணேசனும் நுவரெலியாவை அண்டிய உயர்நிலங்களிலிருந்து வருகின்றன. அந்தூரியமும் ஓர்க்கிட்டும் அதனினும் தாழ்ந்த, வெப்பம் கூடிய பகுதிகளில் நிழல்வலையின் கீழ் வளர்கின்றன. வீட்டு வளவில் நடைபெறும் இவ்வளர்ப்பிற் பெண்களின் உழைப்பு வீட்டு வேலையோடு கலந்து கணக்கிற்படாது போகிறது. பூ காத்திருக்காது. 2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாடு வரிசையில் நின்ற வேளையில் இவ்வுண்மை எல்லார்க்கும் புலனாயிற்று. வாகனம் வராத நாளிற் பூவின் நட்டம் முதலிற் சேர்வது பயிரிட்டவரையே. தடியிற் பூவைத் தொங்கவிட்டுச் சென்றவனுக்கு எல்லாரும் வழிவிட்டனர். இன்று பூவைக் கொணர்பவர் எல்லார்க்கும் வழிவிட்டுச் செல்கிறார்.

கண்டி மாவட்டத்துத் தோட்ட லயங்களின் முன்றிலிற் செவ்வந்தி பூத்திருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அது மாரியம்மன் திருவிழாவுக்கும் வீட்டுப் படத்துக்கும் உரியது; அந்திமந்தாரையைப் போன்று உழைப்பவர் தமக்கென வைத்துக்கொண்ட பூ. ஆயின் செடி நிற்கும் மண் அவருடையதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மக்களுள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீளக் கொடுத்தது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் தனியார் முகாமைக்குச் சென்றன. இத்தனை மாற்றத்துக்குப் பின்னரும் லயத்து முன்றிலுக்கான உறுதி பெரும்பாலோர் கைக்கு வந்திலது. களைத்த மண்ணையேனும் ஆற்றோரத்து உழவன் ஒருநாள் மீளப் பெற்றான். நான்கு தலைமுறையாக மண்ணைப் பண்படுத்தியோர்க்கு மீளப் பெறுவதற்கும் ஒன்றில்லை.

ஆகவே, மலர் பற்றிய ஆய்வு மணத்தோடும் நிறத்தோடும் நின்றுவிடலாகாது. அரச ஊழியம், கோயிற் கடமை, சந்தை ஆகிய மூன்று கட்டங்களிலும் பூவைப் பெறுபவர் மாறினர். சுமப்பவரின் கட்டுகளும் மாறின. பூ பூத்த நிலம் யாருடையது என்ற வினா மாறவில்லை. அடுத்த முறை ஒரு பூச்செண்டுக்குச் சொல்லிவைக்கும்போது விலையை மட்டுமன்றி அவ்வினாவையும் சேர்த்துக் கேட்பது, நமது இலக்கியக் கல்விக்கும் சமூகக் கடமைக்கும் பொருத்தமானதாகும்.