படுத்து எரிந்த தீ



தீ மேல்நோக்கித்தான் எரியும் என்று சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். தீக்குச்சியைச் சாய்த்துப் பிடித்தாலும் சரி, கவிழ்த்துப் பிடித்தாலும் சரி, சுடர் வானத்தைத்தான் பார்க்கும். இந்த எளிய பாடத்தை ஒரு கணிப்பொறி மறுத்துப் பேசியது. அது சொன்னது மெய்யா பொய்யா என்று கண்டறிய வேண்டிய கட்டாயமும் இருந்தது. ஏனென்றால், அதற்குள் 31 உயிர்கள் போயிருந்தன.

1987-ஆம் ஆண்டு நவம்பர் 18, புதன்கிழமை மாலை. இலண்டன் மாநகரின் கிங்ஸ் கிராஸ் நிலத்தடி இரயில் நிலையம். பல பாதைகள் வந்து கூடும் இடமாதலால், வேலை முடிந்து வீடு திரும்புவோர் கூட்டம் நிறைந்திருந்தது. ஆழத்தில் ஓடிய பிக்காடிலி பாதையிலிருந்து மேலே வர மின்படிக்கட்டுகள் இருந்தன. படிகளும் பக்கச் சட்டங்களும் மரத்தாலானவை; ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடித் தேய்ந்தவை.

நிலத்தடி நிலையங்களில் புகை பிடிக்க 1985-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் வெளியே போகிற அவசரத்தில், மின்படிக்கட்டில் நின்றபடியே சிலர் சிகரெட்டைப் பற்ற வைத்துக் கொண்டார்கள். அப்படி யாரோ போட்ட தீக்குச்சி ஒன்று படிக்கும் பக்கச் சட்டத்துக்கும் இடையேயிருந்த இடுக்கில் விழுந்தது. கீழே எந்திரத்தில் பூசிய மசகும் அதில் ஒட்டிய தூசும் காகிதத் துணுக்குகளும் மண்டிக் கிடந்தன. இதற்கு முன்னும் அங்கே தீக்குச்சிகள் விழுந்து, சிறிது கருக்கி, தாமாகவே அணைந்த தடயங்கள் பின்னர் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் அணைந்துவிட்டதே, யார் கவலைப்பட்டார்கள்?

இரவு 7.30 மணியளவில் பயணி ஒருவர் தீயைக் கண்டு தெரிவித்தார். காவலர் வந்தனர், தீயணைப்புப் படையும் வந்தது. வந்தவர்கள் கண்டது ஒரு பெரிய அட்டைப் பெட்டி எரிகிற அளவுத் தீ. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. பிக்காடிலி படிக்கட்டு எரிகிறதே என்று, கீழே இருந்தவர்களைக் காவலர்கள் விக்டோரியா பாதையின் மின்படிக்கட்டு வழியாக மேலே அனுப்பினார்கள். அறிவுள்ள ஏற்பாடாகவே தோன்றியது. ஆனால் இரண்டு வழிகளும் மேலே ஒரே பயணச்சீட்டு மண்டபத்தில்தான் போய் முடிந்தன.

7.45 மணிக்கு அந்தப் படிக்கட்டுச் சுரங்கத்திலிருந்து தீ பீறிட்டு மண்டபத்துக்குள் பாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் மண்டபம் கரும்புகையாகவும் அனலாகவும் ஆயிற்று. தீயணைப்பு அதிகாரி காலின் டவுன்ஸ்லியும் மாண்டவர்களில் ஒருவர். மேலே போக முடியாமல் கீழே சிக்கியிருந்த பல நூறு பேரோ, விக்டோரியா பாதை இரயில்களில் ஏறித் தப்பினார்கள்.

டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையில் விசாரணை நடந்தது. பெட்டியளவு தீ சில நிமிடங்களில் ஒரு மண்டபத்தையே விழுங்கியது எப்படி? கூரையில் பல பூச்சாகப் பூசியிருந்த வண்ணத்தைச் சிலர் சந்தேகித்தார்கள். இரயில்கள் தள்ளிவந்த காற்றைச் சிலர் சந்தேகித்தார்கள்.

இந்நிலையில் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது: கணிப்பொறிக்குள் ஒரு போலித் தீயை மூட்டிப் பார்ப்பது. நம் மாணவர்களின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த நிலையத்தின் வெளியை அவ்வாறே ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் சூடு என்ன, வேகம் என்ன, அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு போகிறது என்று கணித்துக்கொண்டே போக வேண்டும். மரம் எரிவதையே அவர்கள் கணிக்கவில்லை. படிக்கட்டில் ஒரு வெப்ப ஊற்றை வைத்து, சூடான காற்று எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தார்கள்.

சூடான காற்று கூரையைத் தொடும் என்று எதிர்பார்த்தார்கள். கணிப்பொறியோ, அது படிக்கட்டோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, சரிவிலேயே மேலே ஓடுவதாகக் காட்டியது. கணக்கில்தான் எங்கோ பிழை என்று பலரும் கருதினார்கள். கருதியது நியாயமே. எந்திரம் சொன்னதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்வது அறிவியல் அன்று.

ஆகவே பக்ஸ்டன் நகரிலுள்ள ஆய்வுக் கூடத்தில், மூன்றில் ஒரு பங்கு அளவில் படிக்கட்டையும் மண்டபத்தையும் கட்டி, மெய்யாகவே தீ வைத்தார்கள். ஏழரை நிமிடம் வழக்கம்போல் எரிந்தது. பிறகு சுடர் படுத்தது. படிகள் மொத்தமாகப் பற்றிக்கொள்ள, தீ மாதிரி மண்டபத்துக்குள் பாய்ந்தது.

காரணம் இதுதான். எரியும் தீ சுற்றிலுமிருந்து காற்றை இழுக்கும். லயத்து வீடுகளின் முன்னால் ஓடும் கால்வாயைப் போல இருபுறமும் சுவர் எழுந்து, சரிந்தும் இருந்தால், பக்கத்திலிருந்து காற்று வர வழியில்லை. மேலிருந்தும் பின்னாலிருந்தும் வரும் காற்று சுடரைத் தரையோடு அமுக்கிவிடுகிறது. படுத்த சுடர், இன்னும் பற்றாத மேற்படிகளை முன்கூட்டியே காய்ச்சி வைக்கிறது. தோட்டங்களில் பழைய இரப்பர் மரங்களை வெட்டி எரித்த காலத்தைக் கண்ட பெரியவர்களுக்கு, மேட்டில் தீ ஏறும் வேகம் தெரியும். கால்வாய் இல்லாமலே அந்த வேகம்!

கூரையை நோக்கிப் போகாததால் தீ சிறியதாகத் தெரிந்தது; சிறியதாகத் தெரிந்ததால் மண்டபம் திறந்தே இருந்தது. அங்கே நின்ற காவலருக்கோ தீயணைப்பாளருக்கோ இதை அறிய வழியில்லை. எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அப்போது இப்பாடம் இல்லை.

மனிதர்களையும் இப்படிக் கணிப்பொறிக்குள் நடக்கவிட்டுப் பார்க்கும் முயற்சி அதே காலத்தில் வளர்ந்தது. 1985-இல் மான்செஸ்டர் விமான நிலையத்தில் ஒரு விமானம் தீப்பிடித்து 55 பேர் இறந்ததையொட்டி, கிரீனிச் பல்கலைக்கழகத்தில் எட்வின் கலியா இத்துறையில் இறங்கினார். அங்கே உருவான எக்ஸோடஸ் என்னும் நிரலில் ஒவ்வொருவருக்கும் வயது, நடை வேகம், பொறுமை என்று தனித்தனிக் குணங்கள் உண்டு. மனிதர்கள் அருகிலுள்ள கதவைத் தேடுவதில்லை. பழகிய கதவைத்தான் தேடுகிறார்கள். எங்கள் தோட்டப் பள்ளியில் தீப்பயிற்சி நடத்தும்போது நானும் இதைக் காண்கிறேன். பின்கதவு இரண்டடி தூரத்தில் இருக்க, பிள்ளைகள் முன்கதவுக்குத்தான் ஓடுகிறார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான்.

ஃபென்னல் அறிக்கை 1988 நவம்பரில் 157 பரிந்துரைகளுடன் வந்தது. மறு ஆண்டு நிலத்தடி நிலையங்களுக்கெனத் தனித் தீப் பாதுகாப்பு விதிகள் வந்தன. மரப் படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. இறந்தவர்களில் ஒருவர் யாரென்றே தெரியாமல் புதைக்கப்பட்டிருந்தார். அவர் பெயர் 2004-இல்தான் தெரிய வந்தது. இலண்டன் நிலத்தடி இரயிலின் கடைசி மர மின்படிக்கட்டு, தரைக்கு மேலே இருந்த கிரீன்ஃபோர்டு நிலையத்தில் 2014 வரை ஓடிக்கொண்டிருந்தது.