வற்றாப்பளை விளக்கும் வன்னியின் வரலாறும்

வைகாசி பிறந்துவிட்டால் வன்னி நிலமெங்கும் ஒரு பேச்சே மேலோங்கி நிற்கும். அது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலைப் பற்றிய பேச்சு. பாக்குத் தெண்டலோடு தொடங்கி, சிலாவத்தைக் கடற்கரையிலே தீர்த்தமெடுத்து, அதனை முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திற்குக் கொணர்ந்து, அக்கடல் நீரிலே விளக்கேற்றி, பின்னர் விசாகத்தையொட்டி வரும் திங்கட்கிழமையன்று வற்றாப்பளையிலே பொங்கல் நிறைவெய்துவதை நாம் சிறு வயது முதலே கண்டு வருகிறோம். எண்ணெயின்றி உப்புநீரில் எரியும் அவ்விளக்கைத் தரிசிக்க, யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கு மாகாணத்திலிருந்தும் அடியார்கள் திரண்டு வருவர்.

ஆயினும், இளைஞர் கூடிச் சமயம் பேசும் இடங்களிலே அடிக்கடி ஒரு கேள்வி எழுவதுண்டு. கண்ணகி காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் குலப் பெண். அவள் வரலாற்றைக் காப்பியமாக்கியவர் சமணத் துறவி என்பர். அவளையே பத்தினித் தெய்வமென்று பௌத்தரும் வணங்குகின்றனர். அங்ஙனமாயின் இவ்வழிபாடு நம்முடையதுதானா? கலப்பற்ற சைவம் என்பது எது? இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. கேட்பவர் சமயப் பற்றினாலேயே கேட்கின்றார். ஆகவே விடையையும் பற்றோடு, ஆனால் வரலாற்றின் துணைகொண்டு தேடுவோம்.

இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரம், சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவிலே இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்ததாகக் கூறுகின்றது. அவன் தன் நாட்டிலும் அத்தெய்வத்துக்குப் பலிபீடம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுக்க, மழை தவறாது பெய்து நாடு செழித்தது என்பதும் அந்நூல் தரும் செய்தியே. கயவாகு என்பவன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் கஜபாகு என்பது அறிஞர் பலரின் கொள்கை. சோழ நாட்டிலே பிறந்து, பாண்டிய நாட்டிலே நீதி கேட்டு, சேர நாட்டிலே தெய்வமாகி, ஈழ நாட்டிலே மழை தந்தவள் என்றால், அவள் எந்த நாட்டுக்கு உரியவள்? தொடக்கத்திலேயே அவள் கதை நான்கு நாடுகளைச் சேர்த்துப் பின்னிய கதையாகும்.

மழை தருபவள் என்ற அந்த ஒரு நம்பிக்கையே அவளை வன்னியோடு பிணைத்தது எனலாம். வன்னி வானம் பார்த்த பூமி. இங்கு வற்றாத பேராறு எதுவுமில்லை. கனகராயனாறு தெற்கே சேமமடுப் பக்கத்தில் எழுந்து, வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவை நிறைத்துச் சுண்டிக்குளத்துக் களப்பிலே கலக்கின்றது. ஆனால் மாரி பொய்த்தால் அதுவும் மணலாய்க் கிடக்கும். நம் முன்னோர் கட்டிய சிறு குளங்களிலே மேற்குளத்து மிகுநீர் கீழ்க்குளத்துக்குப் பாயும். ஓர் ஊரின் வான் பாய்ந்தாற்றான் அடுத்த ஊரின் வயல் விளையும். இப்படி ஊருக்கு ஊர் நீராற் பிணைந்த மக்கள், மழைக்கும் மாட்டுக்கும் அம்மை நோய்க்கும் பொறுப்பானவளாக ஒரு தாயைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

அவர்கள் அவளை அயலூர்த் தெய்வமாக வைத்திருக்கவுமில்லை. மதுரையை எரித்த சினத்தோடு ஈழம் வந்தவள் ஒன்பது இடங்களில் தங்கிப் பத்தாவதாக இங்கே இளைப்பாறினாள் என்றும், பத்தாம்பளை என்பதே வற்றாப்பளையாயிற்று என்றும் ஊரவர் சொல்வர். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்முன் ஒரு மூதாட்டியாய்த் தோன்றியவள், விளக்கேற்ற எண்ணெய் இல்லையென்று அவர்கள் தயங்கியபோது, கடல் நீரை வார்த்து ஏற்றுமாறு பணித்தாள் என்பதும் ஐதிகம். இதனை அக்காலத்துச் சாசனம்போற் கொள்ளவேண்டும் என்று நாம் வாதிடவில்லை. காப்பியத்துக் கண்ணகி வன்னியின் மாட்டிடையருக்கும் கடலோர மக்களுக்கும் ஆச்சியாகிவிட்டாள் என்ற உண்மையை இக்கதை காட்டுகின்றது, அதுவே போதும்.

இன்னுமொன்று கருதத்தக்கது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிற் பதிப்பித்தது 1892 ஆம் ஆண்டிலேயாம். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மட்டக்களப்பிலே கண்ணகி வழக்குரை என்றும், யாழ்ப்பாணத்திலே கோவலனார் கதை என்றும், வன்னியிலே சிலம்பு கூறல் என்றும் அக்கதை பாடப்பட்டு வந்தது. முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்தாகவும் ஆடப்பட்டது. புலவர் ஏட்டிலே தேடியதைப் பாமரர் நாவிலே காத்து வந்தனர். கற்றோர் மரபும் கல்லார் மரபும்கூட இங்ஙனம் பின்னிக் கிடந்தனவேயன்றித் தனித்தனி நின்றனவல்ல.

தென்னிலங்கையை நோக்கினாலும் இதே காட்சிதான். அங்கே பத்தினி தெய்யோவுக்குக் கம்மடுவ என்னும் சடங்கு நிகழும். நோய் நீங்கி ஊர் செழிக்க வேண்டுமென்பதே அதன் நோக்கம். கொம்புகளைக் கோத்து இழுக்கும் அங்கெளிய என்னும் அவர்களது சடங்கும், மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டும் உடன்பிறந்தவை போன்றவை. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூல் முழுவதும் இத்தெய்வத்தைப் பற்றியதேயாகும்.

இனி நம் கேள்விக்குத் திரும்புவோம். யாழ்ப்பாணத்திலே கண்ணகி வழிபாட்டை ஆகம நெறிக்குப் புறம்பானதெனக் கண்டித்தவர்களுள் தலையாயவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879). அக்கண்டனத்தின் வலுவினால் பிற்காலத்திலே பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி முதலிய பெயர்களைப் பெற்றன. நாவலர் பெருமான் இல்லையேல் ஈழத்துச் சைவம் என்னவாகியிருக்குமோ என எண்ணவும் அச்சமாயிருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையே நமக்கு வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. அவர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பயின்றார், அங்கேயே ஆசிரியராயுமிருந்தார், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை புரிந்தார். 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார்; 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கம், பாடசாலை, அச்சகம், வினாவிடை நூல் ஆகிய இவையாவும் பாதிரிமார் கையாண்ட கருவிகளே. அவற்றைக் கொண்டே அவர் பாதிரிமாரை எதிர்த்தார். கருவி வந்த வழியை நோக்கி அதனை அவர் எறிந்துவிடவில்லை.

நாமும் மிஷன் பாடசாலைகளிலே படித்தவர்கள்தாம். காலையிலே அவர்களது செபத்துக்கு எழுந்து நின்றோம். மாலையிலே திருநீறணிந்து தேவாரம் பாடினோம். நம் சங்கத்தின் பெயரையும் எண்ணிப் பாருங்கள். கிறித்தவ வாலிபர் சங்கம் 1844 இல் லண்டனிலே தோன்றியது. பௌத்த வாலிபர் சங்கம் 1898 இல் கொழும்பிலே எழுந்தது. இந்து வாலிபர் சங்கங்கள் அதே வடிவை மேற்கொண்டன. தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டறிக்கை, இந்த ஆண்டு மலர் ஆகிய எல்லாமே கொண்டும் கொடுத்தும் வந்தவை. கலப்பில்லாத ஒன்றைத் தேடுபவர் முதலில் நம் சங்கத்தையே கலைத்தாகவேண்டும்!

ஆனால் பிணைப்பு எல்லாம் அன்பினால் வந்ததென்று கூறுவது பொய்யாகும். நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்ததும் வரலாறுதான். இன்றும் நம் மாவட்டங்களிலே குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை ஆகிய இடங்களைப் பற்றி வழக்கும் வாதமும் எழுந்ததை அறிவோம். பழங்காலப் பௌத்தச் சின்னம் ஓரிடத்தில் இருக்குமாயின், அது அங்கே பௌத்தம் வாழ்ந்தமைக்குச் சான்று. தமிழரிலும் பௌத்தர் இருந்தனர் என்பதற்கு மணிமேகலையே சான்று. அதனைக் காட்டி இன்று வழிபடுவோரை விலக்குவது நீதியாகாது. இரு சாராரும் ஒரு நிலத்தில் வாழ்ந்தமைக்கான அடையாளம், ஒருவரை மற்றவர் வெளியேற்றுவதற்கான உறுதிப்பத்திரமாகிவிடக்கூடாது. இந்நீதியைப் பிறரிடம் கேட்கும் நாம், நமக்குள்ளும் அதனைக் கைக்கொள்ளவேண்டும் அன்றோ?

வற்றாப்பளை விளக்குக்கு நீர் தரும் அதே கடல் 2004 மார்கழி 26 ஆம் நாள் முல்லைத்தீவுக் கரையிலே எண்ணற்ற உயிர்களைக் கொண்டு சென்றது. அம்மன் கோயிலுக்கு எதிரே, நந்திக்கடலின் மறுகரையிலுள்ள முள்ளிவாய்க்காலிலேதான் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. எஞ்சிய மக்கள் செட்டிகுளத்து முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீண்டு வந்தவர்கள் மீண்டும் தீர்த்தமெடுத்தனர், மீண்டும் விளக்கேற்றினர். இன்று மே மாதத்திலே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படுகிறது. அதனையடுத்துச் சில நாளிலோ சில வாரத்திலோ பொங்கற் பானை ஏறுகிறது. ஒரே அரிசி, ஒரே கைகள். துயரையும் திருவிழாவையும் பிரித்து வைக்க வன்னித் தாய்மாருக்கு நேரம் கிடைத்ததில்லை. கணவனை இழந்து நீதி கேட்டவளின் சந்நிதியிலே அவர்கள் நிற்கும்போது, இது சைவமா அன்றா என்று எவர் அவர்களிடம் கேட்கத் துணிவார்?

ஆகவே நாம் கண்ட விடை இது. வாழும் சமயம் எதுவும் பிறரிடம் கொள்ளாமல் வாழ்ந்ததில்லை. கொள்வதிலே இழுக்கில்லை, யாரிடம் கொண்டோம் என்பதை மறைப்பதே இழுக்கு. குளத்துப் பன்னிலே பாய் பின்னும் நம் ஆச்சிமாரிடம் ஓர் இழையை மட்டும் உருவித் தரும்படி கேட்டால், பாய் குலைந்துவிடும் என்பார்கள். நம் வரலாறும் அத்தகையதே. பெரியோர் தாம் அறிந்த சிலம்பு கூறலையும் ஊர்க் கதைகளையும் சொல்லட்டும். இளைஞராகிய நாம் அவற்றைக் கேட்டு எழுதிவைப்போம். அடுத்த வைகாசியில் விளக்கின்முன் கைகூப்பும்போது, அதன் சுடரிலே எத்தனை கைகள் சேர்ந்திருக்கின்றன என்பதையும் நன்றியோடு நினைப்போமாக.